முதுகுக்குப் பின்னால் கமரா

சில வகைக் கொம்பியூட்டர் விளையாட்டுகளில் தொடக்கத்திலேயே இரண்டு கேள்விகள் வரும். நீ ஆணா பெண்ணா என்பது முதலாவது. உலகத்தை உன் கண்ணால் பார்க்கப் போகிறாயா, அல்லது உனக்கு நாலடி பின்னால் நின்று உன் முதுகைப் பார்த்துக்கொண்டு வரப் போகிறாயா என்பது இரண்டாவது. இரண்டாவதை ஒரு பொத்தானை அழுத்தி எந்த நேரமும் மாற்றலாம். முதலாவதை மாற்ற முடியாது, ஒருமுறை அழுத்தினால் கடைசிவரைக்கும் அதுதான்.

பத்தொன்பது வயதில் நான் பெண் என்று அழுத்தினேன். கமராவை அவளுடைய முதுகுக்குப் பின்னால் வைத்தேன். பிறகு ஒரு நாள் காலை ஒரு பொய் சொன்னேன். இந்த மூன்றும் சேர்ந்து என் அக்காவின் வாழ்க்கையைப் புரட்டிப் போட்டன. விளையாட்டால் இப்படியெல்லாம் நடக்குமா என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். நான் இதை இதுவரை ஒருவரிடமும் முழுக்கச் சொன்னதில்லை.

அப்போது வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருந்தோம். சமாதானப் பேச்சு முறிந்து சண்டை மறுபடியும் தொடங்கியிருந்த காலம். நான் பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சையான ஏ.எல். எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். தமிழ்ப் பெடியன் ஒருவன் பாண் வாங்கப் போய் வருவதற்குள் இரண்டு இடத்தில் ஐ.சி. என்கிற அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். பெயரைப் பார்ப்பார்கள், பிறந்த இடத்தைப் பார்ப்பார்கள், கடைசியில் முகத்தைப் பார்ப்பார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்தது என் குற்றமா என்று உள்ளுக்குள் கொதிக்கும். வாய் மட்டும் சிங்களத்தில் மரியாதையாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். நான் வெளியே திரியாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே அப்பா ஒரு கொம்பியூட்டர் வாங்கித் தந்தார். பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் கொப்பி பண்ணிய சீடிகள் கிடைக்கும். அங்கேதான் அந்த விளையாட்டை வாங்கினேன்.

பெரிய காடு, மலை, கோட்டை வைத்த நகரங்கள். எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம். முகத்தைக்கூட நாமே செய்துகொள்ளலாம், மூக்கின் நீளம் முதல் தாடையின் அகலம் வரைக்கும். வகுப்புப் பெடியன்களில் சிலர் பெண்ணாக விளையாடுவதுண்டு. நாள் முழுக்க ஒரு முதுகைத்தான் பார்க்க வேண்டும் என்றால் அது ஒரு பெட்டையின் முதுகாக இருக்கட்டுமே என்று பகிடி விடுவார்கள். என்னிடம் அந்தப் பகிடி இல்லை. எனக்கு ஆணாக இருப்பது அலுத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். அந்த உலகத்தில் நான் பெண்ணாக நடந்தபோது நெஞ்சு இளகிக் கிடந்தது. நகர வாசலில் ஈட்டியோடு நின்ற காவல்காரர்கள் வணக்கம் சொல்லி வழி விட்டார்கள். ஆணாக வந்தாலும் வழி விட்டிருப்பார்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் அப்படி விளையாடிப் பார்க்க மனம் வரவில்லை. இதை யாரிடமாவது சொன்னால் என்ன பட்டப்பெயர் வைப்பார்கள் என்பதும் தெரியும். யாராவது அறைக்குள் வந்தால் உடனே திரையை மாற்றிவிடுவேன்.

அந்த நேரத்தில்தான் அக்கா வந்தாள். பெரியம்மாவின் மகள், என்னைவிட ஐந்து வயது மூத்தவள், புலிகளின் கட்டுப்பாட்டில் கிடந்த கிளிநொச்சியில் இருந்தவள். ரொறன்ரோவில் ஒரு மாப்பிள்ளைக்குப் பேசி முற்றாகியிருந்தது. பொலிஸ் நற்சான்றிதழ் கிடைத்தால் மற்றக் கடிதங்கள் எல்லாம் தயார், விசாவுக்குக் கொடுத்துவிட்டுப் பறக்க வேண்டியதுதான். அது கிடைக்கும்வரை எங்கள் வீட்டில் இருப்பதாக ஏற்பாடு. வந்த மறுநாளே அப்பா பொலிசுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பதிந்துவிட்டார். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிசில் பதிந்து, முத்திரை குத்திய படிவத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். அதில் அக்காவின் பெயருக்கு நேரே கிளிநொச்சி என்று இருந்தது. அம்மா அந்தப் படிவத்தை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்து மறைத்துப் பார்ப்பாள்.

என் அறையை அக்காவுக்குக் கொடுத்து நான் ஹோலில் படுத்தேன். கொம்பியூட்டர் மட்டும் அவளுடைய அறையிலேயே இருந்தது. மூன்றாம் நாளே பிடிபட்டேன். உடுப்புக் காயப்போட மேலே போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு விளையாடினேன். அவள் பின்னால் வந்து நின்று, உது ஆர் என்று திரையைக் காட்டிக் கேட்டாள். யோசிக்காமல் "நான்" என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சிரித்த ஒருத்தியை நான் அதுவரை கண்டதில்லை, கட்டிலில் விழுந்து புரண்டாள். இனித் தம்பி என்று கூப்பிடுவதா தங்கச்சி என்று கூப்பிடுவதா என்று கேட்டாள். நான் இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் அவளாகவே வந்து, அம்மா மீது சத்தியமாக ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று சொன்னாள். சொல்லவுமில்லை. பிறகு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவள் வந்து உட்கார்ந்ததும் என் ராச்சியம் போயிற்று. முதலில் தலைமயிர். இப்படித் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு எந்தப் பெட்டை காட்டுக்குள் போவாள், முள்ளில் சிக்காதா என்று கேட்டு, புதிதாகத் தொடங்கி ஒற்றைப் பின்னல் போட வைத்தாள். பிறகு மூக்கு. தன்னுடைய மூக்கு மாதிரி நுனி கொஞ்சம் நிமிர்ந்திருக்க வேண்டும் என்று அரை மணித்தியாலம் மவுஸை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினாள். வீட்டில் நாங்கள் அவளைக் கூப்பிடும் செல்லப்பெயரையே அந்தப் பெண்ணுக்கும் வைத்தோம். ஆனால் பெண் என்ற பொத்தானை இரண்டாம் முறையும் அழுத்தியது நான்தான். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பாதி அவளுடையதுதானே என்று பின்னால் பல வருடம் எனக்கு நானே சமாதானம் சொல்லியிருக்கிறேன்.

எங்களுக்குள் ஒரே ஒரு சண்டை கமராவைப் பற்றித்தான். பின்னால் நின்று பார்த்தால் மூலைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனையும் காணலாம், அதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கட்சி. அக்காவுக்கு அது கண்ணில் காட்டக் கூடாது. தன் முறை வந்ததும் பொத்தானை அழுத்தி, பெண்ணின் கண்ணுக்குள் கமராவைக் கொண்டுபோய் விடுவாள். அப்படிச் செய்தால் பெண் தெரியமாட்டாள். மரம் தெரியும், பாதை தெரியும், வில்லைப் பிடித்த கை மட்டும் தெரியும். இதில் என்ன சுவை, செய்த மூக்கையும் பின்னலையும் காணவே முடியாதே என்று ஒரு நாள் எரிந்து விழுந்தேன்.

"பின்னால ஆரோ வாற மாதிரிக் கிடக்குத் தம்பி," என்றாள். "அவளுக்கு ஒண்டும் தெரியாது. அவள் தன்ரை பாட்டுக்குப் போறாள். பின்னால நிக்கிறது நாங்கள்தான். எனக்கு உது வேண்டாம்."

நான் சிரித்தேன். வன்னியிலிருந்து ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டி வந்தவள், வெள்ளவத்தையில் தனியாகக் கடைக்குப் போகப் பயப்படுகிறவள் அதைச் சொல்கிறாள் என்று யோசிக்கிற அளவுக்கு எனக்கு அறிவு இருக்கவில்லை.

வீடு வீடாகச் செக்கிங் வந்த நாள் ஒரு வியாழக்கிழமை. காலை எட்டு மணி இருக்கும். ஒழுங்கையின் இரண்டு முனையையும் மறித்துவிட்டார்கள் என்று கீழ் வீட்டிலிருந்து செய்தி வந்தது. ஒவ்வொரு மாடியாக ஏறுவதற்கு எப்படியும் அரை மணித்தியாலம் செல்லும். அந்த அரை மணித்தியாலத்தில் எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் ஒரே வேலைதான் நடக்கும். அம்மா ஐ.சி.களையும் பொலிஸ் படிவத்தையும் மேசையில் வரிசையாக வைத்தாள். குண்டு செய்யவா என்று கேட்பார்களே என்று ரோர்ச் பற்றரிகளை அள்ளிப் பருப்புப் போத்தலுக்குள் போட்டாள். ஆமி உடுப்பு மாதிரிப் பச்சைப் புள்ளி போட்ட என் காற்சட்டையை அரிசி வாளிக்குள் அமுக்கினாள். அக்கா கொண்டுவந்த படங்களில் பின்னால் ஏதாவது கொடி, சுவரொட்டி தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, இரண்டைக் கிழித்துக் கக்கூசில் போட்டாள். எல்லாம் செய்தாள். திரையைப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. கொம்பியூட்டர் என்றால் படிப்பு என்றுதான் அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள்.

எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அக்கா குளிக்கப் போன நேரம் பார்த்து நான் விளையாடிக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் இல்லாததால் கமரா என் விருப்பப்படி முதுகுக்குப் பின்னால் இருந்தது. கதவில் தட்டுக் கேட்டதும் அப்படியே விட்டுவிட்டு ஹோலுக்கு ஓடினேன். அந்த விளையாட்டில் ஒரு பழக்கம் உண்டு. கொஞ்ச நேரம் ஒரு பொத்தானையும் தொடாமல் விட்டால் கமரா மெதுவாகச் சுற்றிப் போய் முன்னால் நிற்கும், முகத்தைக் காட்டும். அக்காவின் விருப்பப்படி விட்டிருந்தால் திரையில் வெறும் மரங்கள்தான் நின்றிருக்கும்.

ஒரு பொலிஸ் அதிகாரி, ஒரு பெண் பொலிஸ், இரண்டு ஆமிக்காரர். அதிகாரி ஹோலில் நின்று படிவத்தைப் பார்த்துப் பெயர்களை வாசித்தார். கிளிநொச்சியில் கொஞ்சம் நின்றார். அப்பா தன் அலுவலகச் சிங்களத்தில் கனடாக் கலியாணம் பற்றி விளக்கினார். அதிகாரி தலையாட்டிவிட்டு ஐ.சி.யை அக்காவிடம் திருப்பிக் கொடுத்தார். ஆம், திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்கள் வீட்டு அலுவல் அந்த இடத்தில் முடிந்துவிட்டது.

அறையைப் பார்க்கப் போன ஆமிக்காரர்களில் ஒருவனுக்கு என் வயதுதான் இருக்கும். மீசை இன்னும் ஒழுங்காக முளைத்திருக்கவில்லை. அலுமாரியைத் திறந்து மூடிவிட்டு, திரையைக் கண்டதும் நின்றுவிட்டான். நான் வாசலில் நின்றேன். பின்னல் போட்ட பெண் ஒருத்தி, முதுகில் வில், இடுப்பில் வாள், முழங்கால்வரைக்கும் சப்பாத்து, பின்னால் காடு. முகம் எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. அவனுக்கு அந்த விளையாட்டைத் தெரிந்திருந்தது. முகம் மலர்ந்து என்னைப் பார்த்தான். ஊரில் அவனும் விளையாடியிருக்கலாம், அவனுடைய தம்பி விளையாடியிருக்கலாம்.

"மல்லி, மே ஒயாத?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான். தம்பி, இது நீயா?

அந்தக் காலத்தில் சீருடை போட்ட ஒருவன் என்னிடம் சிநேகமாகக் கேட்ட ஒரே கேள்வி அது. ஓம் என்று சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் சிரித்திருப்பான். மற்றவனுக்குச் சொல்லியிருப்பான். இருவரும் என்னை ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டே படியிறங்கிப் போயிருப்பார்கள். அவ்வளவுதான் நடந்திருக்கும். ஆனால் எனக்குப் பின்னால் அப்பா நின்றார், சத்தம் கேட்டு இறங்கி வந்த மேல் வீட்டு அங்கிள் நின்றார், அவருடைய மகன் நின்றான். நெற்றியெல்லாம் சுட்டது.

"மகே நெவெயி," என்றேன். "அக்காகே." என்னுடையது இல்லை, அக்காவுடையது.

அதிகாரி ஹோலிலிருந்து திரும்பிப் பார்த்தார். அறைக்குள் வந்தார். திரையில் இருந்த முகத்தைப் பார்த்தார், அக்காவின் முகத்தைப் பார்த்தார். மூலையில் ஆங்கிலத்தில் இருந்த பெயரைச் சத்தமாக வாசித்தார். அந்தப் பெயர் சொல்லி உன்னை யார் கூப்பிடுவார்கள் என்று கேட்டார். புலிகள் இயக்கத்தில் வைக்கும் பெயரா என்று கேட்கிறார் என்பது எங்கள் எல்லோருக்கும் விளங்கியது. அக்கா ஈரத் தலையோடு நின்று என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன். அந்த இளம் ஆமிக்காரன், இது வெறும் விளையாட்டு சேர், எல்லாரும் விளையாடுகிறதுதான் என்று மெல்லச் சொன்னான். ஒரு ஆமிக்காரனுக்கு வந்த வாய் எனக்கு வரவில்லை. அதிகாரி அவனைப் பேசாமல் இருக்கச் சொன்னார்.

விசாரித்துவிட்டு அனுப்புகிறோம் என்று சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். கொம்பியூட்டரையும் கழற்றிக் கொண்டு போனார்கள். தலை துவட்டக்கூட நேரம் கொடுக்கவில்லை, அம்மா துவாயை எடுத்துக்கொண்டு படியில் ஓடினாள். பின்னேரம் அப்பா பொலிசுக்குப் போனபோது வேறு இடத்துக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். சட்டத்தரணியைப் பிடித்தோம். பாதிரியார் ஒருவரைப் பிடித்தோம். கொட்டாஞ்சேனையில் யாருக்கோ ஆளைத் தெரியும் என்று அங்கேயும் போனோம். பதினொரு நாள். அந்தப் பதினொரு நாளும் நான் ஒவ்வொரு காலையும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று எழும்புவேன். அப்பாவைக் கண்டதும் பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொள்வேன். சொன்னால் ஏன் பெண்ணாக விளையாடினாய் என்று கேட்பாரே. அக்கா எங்கேயோ ஒரு அறையில் இருக்கிறாள், நான் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் ஓட்டோவில் வந்து இறங்கினாள். அடித்தார்களா என்று அம்மா கேட்டதற்கு இல்லை என்றாள். ஆனால் அதற்குப் பிறகு கதவுக்கு முதுகு காட்டி அவள் உட்கார்ந்ததை நான் காணவில்லை. அப்பா ஆறேழு நாள் பொறுத்துவிட்டு, ஒரு பொம்பிளைப் பிள்ளைக்கு எதற்கு உந்த வில்லும் வாளும், எங்களையும் யோசித்திருக்கலாமே என்று மெதுவாகச் சொன்னார். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அக்கா என் பக்கம் திரும்பவேயில்லை.

"ஓம் சித்தப்பா," என்றாள். "பிழைதான்."

நற்சான்றிதழ் வரவில்லை. விசாரணையில் இருக்கிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ரொறன்ரோவில் செய்தி எப்படியோ போய்ச் சேர்ந்தது. மாப்பிள்ளை வீட்டார் சாதகத்தை இன்னொரு இடத்தில் காட்டியதாகவும் பொருத்தம் குறைவாக இருப்பதாகவும் தொலைபேசியில் சொன்னார்கள். பெரியம்மாவோடு கதைக்க வழியில்லை, வன்னிப் பாதையும் தொலைபேசியும் அடைபட்டுவிட்டன. மூன்று வருடம் அக்கா எங்கள் வீட்டு அறையில் இருந்தாள். சின்னப் பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுத்தாள், அம்மாவோடு கோயிலுக்குப் போனாள், வீட்டுக்கு வருகிறவர்கள் தன்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்துவதைக் கேட்டுக்கொண்டு தேத்தண்ணி ஊற்றினாள். என்னோடு பழையபடியே கதைத்தாள். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. நாலு ஏச்சு ஏசியிருந்தால் நானும் அழுது சொல்லியிருப்பேன் என்று நினைப்பதுண்டு. அதுவும் பொய்யாக இருக்கலாம்.

சண்டை முடிந்து ஒரு வருடத்தின் பின் நோர்வேயில் ஒருவருக்கு இரண்டாம் தாரமாகக் கட்டிக் கொடுத்தோம். நல்ல மனிதர். இரண்டு பிள்ளைகள். போன வருடம் விடுமுறைக்கு எல்லோரும் வந்து, அதே வெள்ளவத்தையில் அம்மாவின் வீட்டில் மத்தியானம் சாப்பிட்டோம். மூத்தவன் போனில் ஏதோ விளையாடிக்கொண்டே சோற்றைப் பிசைந்தான். அம்மா அவனைப் பார்த்து, உங்கட அம்மாவும் உப்பிடித்தான், ஒரு கேமாலே பொலிசுக்கெல்லாம் போனவ என்று சொன்னாள். அம்மாவுக்கு அது இப்போது சிரித்துச் சொல்லும் பழைய கதை. பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். உண்மையாகவா, நீங்கள் விளையாடினீர்களா என்று கேட்டார்கள். அக்கா மீன் முள்ளை எடுத்தபடியே, ஓம், விளையாடினேன் என்று சொன்னாள். நான் பாதிச் சோற்றோடு எழும்பினேன்.

கை கழுவிவிட்டுப் பல்கனிக்குப் போனேன். அவளும் பின்னாலேயே வந்தாள். என் முகத்தில் என்னத்தைக் கண்டாளோ, அவளாகவே தொடங்கினாள்.

"இன்னும் அதைப் போட்டு மனசுக்கை வச்சிருக்கிறியே?" என்றாள். "அங்க ஒவ்வொரு நாளும் அதைத்தான் கேட்டவங்கள், உது ஆரின்ரை எண்டு. தம்பியின்ரை எண்டு சொல்லியிருந்தா என்னை அண்டைக்கே விட்டிருப்பாங்கள். பிறகு உன்னைத் தேடி வந்திருப்பாங்கள். நான் பொம்பிளை, பதினொரு நாளிலை வந்திட்டன். நீ வந்திருப்பியே? என்ரைதான் எண்டு சொல்லிப்போட்டு இருந்திட்டன்."

பல்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருடமும் அவள் இல்லை இல்லை என்று சொல்லியும் அவர்கள் நம்பவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

"எனக்கு உன்னிலை ஒரு கோவமும் இல்லை," என்றாள். "அண்டைக்கு நீ பயத்திலை சொன்னது. துவக்கோட நிண்டவங்கள், நீயும் சின்னப் பெடியன். ஆரெண்டாலும் அப்பிடித்தான் சொல்லியிருப்பினம். பயத்திலைதானே சொன்னனீ?"

அந்த ஆமிக்காரனின் சிரிப்பு எனக்கு இன்றைக்கும் முன்னால் நிற்கிறது. அவனைக் கண்டு நான் துளிகூடப் பயப்படவில்லை. பெண்ணாக விளையாடுகிற பெடியன் என்று நாலு பேர் சிரிப்பார்களே என்பதற்காக அவளைக் கொடுத்தேன். அவள் ஒரு உயிரைக் காப்பாற்றியதாக நினைத்துத்தான் பதினொரு நாளையும் ரொறன்ரோவையும் மூன்று வருடத்தையும் ஆற்றிக்கொண்டிருக்கிறாள். பயமில்லை அக்கா, வெட்கம் என்று சொல்ல வேண்டும். வாய்வரைக்கும் வந்தது. உள்ளே பிள்ளைகள் இருந்தார்கள், அவளுடைய மனிசன் இருந்தார், நாற்பதை எட்டும் வயதில் நான் நின்றேன். மறுபடியும் நெற்றி சுட்டது.

"ஓம் அக்கா," என்றேன். "சரியான பயம்."